வண்டி வந்து சேரும் வரை: 108 மருத்துவ உதவியாளரிடம் வாசகர் கேள்விகள்

ஈரோடு மாவட்டம், சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையில் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக வேலை பார்ப்பவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். நர்சிங் டிப்ளமா படித்தவர். தாளவாடியில் 4 ஆண்டுகள், கடம்பூரில் 7 ஆண்டுகள் என்று மலையிலேயே இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

விவசாயி, அந்தியூர்: பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிறு கட்ட வேண்டும் என்றுதான் தாத்தா காலத்திலிருந்து கேள்விப்பட்டிருக்கிறோம். இப்போது கட்டக் கூடாது என்கிறார்கள். எது சரி? ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?

கட்டக் கூடாதுங்க. இதில் மறுபேச்சே இல்லை. கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்புகளின் விஷம் கடித்த இடத்துச் சதையை அழுக வைக்கும். அதோடு ரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிட்டால் அந்தக் கால் என்ன ஆகும்? கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்து அப்புவது, மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று பார்ப்பது, எதுவும் வேண்டாம்.

ஒருவேளை யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால், இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே சட்டென்று அறுத்துவிடாதீர்கள். கீழே தேங்கிய விஷம் மொத்தமாக மேலே ஏறிவிடும். அப்படியே கொண்டு வாருங்கள். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கயிற்றுக்கு மேலே சுற்றிக் காற்றடித்து, பிறகு கயிற்றை வெட்டி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். கடிபட்டவரை அசையாமல் வைத்திருப்பதே பெரிய வேலைதான். நடக்க விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு பட்டைக் கட்டை வைத்து, எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போலத் தளர்வாகக் கட்டிப் படுக்க வையுங்கள். மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் கால் வீங்கிவிட்டால் மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். சில பெண்களின் விரலே அதனால் கறுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். கடித்த நேரத்தை ஒருவர் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப் போய் அடித்து எடுத்துவர வேண்டாம். அப்படிப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு வந்த வீடு எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். வண்டியிலேயே விஷமுறிவு ஊசி இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும், அதனால் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது உண்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துக் கொடுப்பது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். எங்கள் மலையிலும் இருளர்கள் இருக்கிறார்கள். ஊசிக்குத் தயங்கும் பாட்டிகளிடம் "உங்க ஆளுங்க பிடிச்ச பாம்போட விஷத்துல செஞ்ச மருந்துதான்" என்று சொல்வேன். அதற்கப்புறம் கையை நீட்டிவிடுவார்கள். பொதுவாக முதலில் 10 குப்பி போடுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு குழந்தைக்கென்று குறைத்துக் கடிப்பதில்லையே.

கட்டுவிரியனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தாளவாடியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். அந்தப் பக்கம் கன்னடம்தான் அதிகம். எனக்கு அப்போது ஒரு வார்த்தை தெரியாது. விடியற்காலை அழைப்பு. பதினான்கு வயதுப் பையன், "ஹொட்டெ நோவு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். வீக்கம் இல்லை, காயம் இல்லை. நான் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்தேன். அவனுடைய பாட்டி என் கையைப் பிடித்து "ஹாவு, ஹாவு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த பைலட் அண்ணன்தான் (ஓட்டுநரை நாங்கள் பைலட் என்போம்) கேட்டுவிட்டு, "சிஸ்டர், ராத்திரி வீட்டுக்குள்ள பாம்பைப் பார்த்தாங்களாம்" என்றார்.

அப்போதுதான் பையனின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கண் இமை பாதி இறங்கியிருந்தது. மேலே பாரு என்றால் நெற்றியைச் சுருக்கினான், இமை ஏறவில்லை. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவன். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் அப்படித்தான்: ராத்திரி, தூக்கத்தில், வலி இல்லாமல். காலையில் வயிற்றுவலியில் ஆரம்பித்து, இமை, பேச்சு, கடைசியில் மூச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தை ஏற்றிவிட்டு, மூச்சுக்கருவி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதற்குள் அவனால் தானாக மூச்சுவிட முடியவில்லை. ஆம்பு பையை (கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்று கொடுக்கும் பை) முகத்தில் பொருத்தி, ஐந்து எண்ணுவதற்கு ஒரு அழுத்து. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் அப்படியே இறங்கினோம். வளைவில் வண்டி சாயும்போது கால் இரண்டையும் இருக்கையில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, இடது கையால் முகமூடியை அழுத்திப் பிடித்து, வலது கையால் பையை அழுத்தினேன். அவனால் கண்ணைத் திறக்க முடியாது. ஆனால் எல்லாம் காதில் விழும், கட்டுவிரியன் நினைவை உடனே எடுப்பதில்லை. அதனால் வளைவுகளை அவனுக்கு எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தேன். மலையடிவாரத்தில் பண்ணாரி வந்தபோது என் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. சில நாள் மூச்சுக்கருவியில் இருந்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனான்.

"ஹாவு கச்சித்து" என்றால் பாம்பு கடித்துவிட்டது. அந்த வாரமே ஒரு நோட்டு வாங்கி, நோவு, மூச்சு, ரத்தம், பாம்பு, மாதம் எத்தனை என்பதையெல்லாம் கன்னடத்திலும் ஊராளிப் பழங்குடி மக்கள் பேசுகிற மாதிரியும் எழுதி வைத்தேன். இன்னும் பையில் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது: தரையில் படுக்கிற வீட்டில், காலையில் யாருக்காவது காரணம் தெரியாத வயிற்றுவலியும் இமை இறக்கமும் இருந்தால், பல் தடம் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டிலோ, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிய கொசுவலையோ இருந்தால் இது பெரும்பாலும் நடக்காது.

வாசகர், திருப்பூர்: போன மாதம் எங்கள் சொந்த ஊரில் (மலைக் கிராமம்) அத்தைக்கு மூச்சுத்திணறல். 108-க்கு அழைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வண்டி வந்தது. "இலவசம்தானே" என்று அலட்சியமா?

உங்கள் கோபம் நியாயமானது. மூச்சு முட்டுகிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அலட்சியம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

நீங்கள் 108-ஐ அழுத்தினால் போனை எடுப்பவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். அவருக்கு உங்கள் மலை தெரியாது. மாவட்டம், வட்டம், ஊராட்சி, கடைசியில் பஸ் நிற்கும் ஊர், அங்கிருந்து எந்தப் பக்கம் என்கிற வரிசையில் சொன்னால் சரியாகப் பிடித்துக்கொள்வார். வெறும் ஊர்ப் பெயரைச் சொன்னால் சிக்கல், ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும். அப்புறம் அழைத்த போனை யாரும் தொடக் கூடாது. நாங்கள் புறப்பட்டதும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவோம். பாதி வீடுகளில் அது பிஸியாக இருக்கும், அண்ணனுக்கும் மாமனுக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மலையில் இன்னொன்று, சிக்னல் ஒரு பாறை மேல்தான் கிடைக்கும். பேசிவிட்டுப் பாறையிலிருந்து இறங்கிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. ஒருவர் பாறையிலேயே இருக்கட்டும்.

ஊரில் பிக்கப் வண்டியோ ஜீப்போ இருந்தால், 108-ஐ அழைத்துவிட்டு நோயாளியை எதிரே கொண்டு வாருங்கள். போனில் எங்களிடம் ஓர் இடம் பேசிக்கொண்டால் போதும், அங்கே மாற்றி ஏற்றிக்கொள்வோம். பாதி நேரம் மிச்சம். மூச்சுத்திணறலுக்குப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, சாய்ந்து உட்கார வைத்துக் கொண்டுவர வேண்டும்.

எங்களுடைய பக்கத்தையும் சொல்கிறேன். போன வருடம் தை மாதம், ராத்திரி பத்தரை மணி. ஆஸ்துமா முற்றிய ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு கடம்பூரிலிருந்து இறங்குகிறோம். வளைவைத் திரும்பியதும் ரோட்டின் நடுவில் யானை. குட்டியோடு நின்ற தாய், பின்னால் இன்னும் மூன்று. பைலட் அண்ணன் சைரனை நிறுத்தினார், விளக்கைத் தாழ்த்தினார், பின்னால் எடுக்க இடம் விட்டு நின்றார். ஹாரன் அடிக்கக் கூடாது, வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கக் கூடாது. குட்டி ரோட்டோர மூங்கிலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. பெரியவரின் மகன் என்னிடம் "தள்ளிவிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கெஞ்சினார். நான் ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நெபுலைசரில் இரண்டாவது மருந்தை ஊற்றினேன். இருபத்தைந்து நிமிடம். அவை தாமாகக் காட்டுக்குள் இறங்கிய பிறகுதான் நகர்ந்தோம். அந்த நேரத்தில் கீழே வேறு ஒரு வீட்டில் யாராவது எங்களுக்காகக் காத்திருந்திருக்கலாம். அவர்களுக்கு யானை தெரியாது, வண்டி வரவில்லை என்பதுதான் தெரியும்.

இத்தனை பெரிய மலைக்கு இன்னும் ஒரு வண்டி வேண்டும் என்பதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் கிராமசபையில் எழுதிக் கொடுங்கள்.

இல்லத்தரசி, கும்பகோணம்: ஆம்புலன்ஸிலேயே குழந்தை பிறந்தது என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறேன். தேதி தெரிந்தும் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர ஏன் இந்தப் பெண்களுக்குத் தோன்றுவதில்லை?

தோன்றாமல் இல்லை, அம்மா. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். தேதிக்கு முன்பே வந்து, துணைக்கு ஒருவரோடு தங்கிக்கொள்ளலாம், சாப்பாடு உண்டு. கிராம சுகாதார செவிலியர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் மூன்று வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று இருக்கும். ஆடு இருக்கும். ராகி அறுப்பு நேரமாக இருக்கும். கணவன் கரும்பு வெட்டக் கீழே போயிருப்பான். பத்து நாள் அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பத்து நாளுக்கு அவளுடைய பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. மாமியாரிடம் பேசி, ஆட்டைப் பக்கத்து வீட்டில் விட்டு, பிள்ளைகளைச் சித்தி வீட்டில் விட ஏற்பாடு செய்துகொடுத்த செவிலியர் ஒருவர் எங்கள் மலையில் இருக்கிறார். அவர் பகுதியிலிருந்து ராத்திரி அழைப்பே எங்களுக்குக் குறைவு.

மாக்கம்பாளையம் பக்கம் போகும் வழியில் குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்று இரண்டு காட்டாறுகள். மேலே மழை பெய்தால் அந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கமேதான் இருக்க வேண்டியிருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஐப்பசியில் ஒரு ராத்திரி. மூன்றாவது பிரசவம். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வண்டி. அந்தப் பக்கம் கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்கள். நடுவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது, பேசினால் கேட்காது. இறங்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றோம். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஆறு பேர் கயிறு பிடித்து அவளைக் கொண்டுவந்தார்கள்.

வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்துவதற்குள் தலை தெரிந்துவிட்டது. ஓடுகிற வண்டியில் முடியாது, நிறுத்தச் சொல்லிவிட்டேன். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று. விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன், தளர்வாக இருந்தது. தலைக்கு மேலாக எடுத்துவிட்டேன். அடுத்த வலியில் குழந்தை முழுதாக என் கையில். பெண் குழந்தை. அழவில்லை. நீலமாக, துணி மாதிரித் தொங்கியது. காய்ந்த துண்டால் துடைத்தேன், ஈரத் துண்டை எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன், வாயையும் அப்புறம் மூக்கையும் உறிஞ்சி எடுத்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வந்தாக வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஆம்பு பையை எடுக்கக் கை போன நேரத்தில் ஒரு விக்கல், அப்புறம் அழுகை. வெளியே மழையில் நின்ற ஆறு பேரும் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டார்கள். தாயின் வெறும் மார்பில் குழந்தையைப் போட்டு, இரண்டுக்கும் சேர்த்துப் போர்த்தினேன். அந்தக் குளிரில் அதைவிட நல்ல சூடு கிடையாது. கொடியின் துடிப்பு நின்ற பிறகு இரண்டு இடத்தில் கிளிப் போட்டு நடுவில் வெட்டினேன்.

குழந்தை அழுததும் எல்லாருக்கும் கதை முடிந்துவிடும். எனக்கு அங்கேதான் பயம் ஆரம்பிக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு ரத்தப்போக்கு ஆபத்து மிக அதிகம், பிறந்த பிறகு வரும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். சென்னையில் இருக்கும் எங்கள் மருத்துவரைப் போனில் கேட்டுவிட்டு கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டேன். நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று விரித்துப் பார்த்தேன். சத்தியமங்கலம் போய்ச் சேரும்வரை என் ஒரு கை அவள் அடிவயிற்றிலேயே இருந்தது. கருப்பை கல்லு மாதிரி கெட்டியாக இருந்தால் நிம்மதி. மெத்தென்று ஆனால் உடனே தேய்த்துவிட வேண்டும். மூன்று முறை மெத்தென்று ஆனது.

பேப்பரில் "ஆம்புலன்ஸில் சுகப்பிரசவம்" என்று போடுவார்கள். எங்களைப் பாராட்டுகிறார்கள், சந்தோஷம்தான். ஆனாலும் அந்தப் பிரசவம் வெளிச்சமும் ரத்தமும் மருத்துவரும் இருக்கிற அறையில் நடந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஆசிரியர், பரமக்குடி: வகுப்பில் ஒரு மாணவனுக்கு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தோம். பல்லுக்கு நடுவில் ஸ்பூன் வைத்தோம். சரிதானே?

இரண்டும் வேண்டாம், சார். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை, அது தானாக நிற்கும் நேரத்தில் சாவியும் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பூன் பல்லை உடைக்கும். சுற்றியுள்ள பெஞ்சை நகர்த்தி, தலைக்கு அடியில் ஒரு பையை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனாலோ, நினைவு வராமல் மறுபடி வந்தாலோ, முதல் தடவையாக வந்திருந்தாலோ 108. முடிந்ததும் மற்ற பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அதுதான் ரொம்ப வலிக்கும்.

வாசகர், மதுரை: விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?

வேண்டியதில்லை. உதவியவரைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் திருத்தமே கொண்டுவந்துவிட்டார்கள், பெயர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது. செலவுக்கும் பயப்பட வேண்டாம், தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. ஆனால் அடிபட்டவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். கழுத்து எலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கிலேயே கை கால் விளங்காமல் போய்விடும். தீப்பிடிக்கும் அபாயம் இல்லையென்றால் அங்கேயே இருக்கட்டும். ரத்தம் வரும் இடத்தில் மட்டும் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பிடித்திருங்கள்.

ஒரு மகன், தர்மபுரி மாவட்டம்: என் அப்பாவுக்கு 58 வயது. காட்டில் வேலை செய்யும்போது நெஞ்சு எரிகிறது, இடது தோள் வலிக்கிறது என்றார். வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் படுத்திருந்தார். அப்புறம் வியர்த்துக் கொட்டியது. கார் பிடித்துக் கிளம்பினோம், வழியிலேயே போய்விட்டார். நான் சோடா கொடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை.

தம்பி, உங்கள் கடிதத்தை டியூட்டி அறையில் வைத்து இரண்டு முறை படித்தேன். உங்கள் அப்பாவைச் சோடா கொல்லவில்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பு கொன்றது. அது வாயு மாதிரியேதான் வரும். நெஞ்சு எரிச்சலாக, தோள் வலியாக, தாடை வலியாக, சிலருக்கு வெறும் சோர்வாக வரும். படித்தவர்களும் ஏமாறுவார்கள். என் சொந்தப் பெரியப்பாவுக்கு ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தது என் அம்மா. அப்போது நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன், அதே வீட்டில், அடுத்த அறையில் இருந்தேன். எனக்கும் தெரியவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், நேரம் முக்கியம்தான். ஆனால் உங்கள் கையில் அன்று இருந்தது அப்பா மேல் இருந்த அக்கறையும் உங்களுக்குத் தெரிந்த வைத்தியமும்தான். அதை வைத்து நீங்கள் செய்ய முடிந்ததைச் செய்தீர்கள். தூக்கம் இல்லாமல் ஆறு மாதம் என்பது அதிகம். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகர்கள் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. இன்று ராத்திரியே பேசுங்கள். 104 என்கிற சுகாதார உதவி எண்ணிலும் பேசலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: நாற்பது தாண்டியவருக்கு நெஞ்சில் அழுத்தமோ எரிச்சலோ வியர்வையோடு வந்தால், அதை வாயு என்று முடிவு செய்யும் வேலை நம்முடையதல்ல. நடக்க வைக்காமல் உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். 2023 முதல் தமிழ்நாட்டில் "இதயம் காப்போம்" திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு அடைப்பு பெரிதாகாமல் தடுக்கும் மாத்திரைகளை, மொத்தம் 14, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி 60 கிலோமீட்டர் என்றாலும், முதல் மருந்து பக்கத்து ஊரில் இருக்கிறது. எங்கள் மலையில் இந்த மாத்திரையை விழுங்கிவிட்டு என் வண்டியில் ஏறி, ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கிக்கொண்டு, இன்று மறுபடி மாடு மேய்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரும் முதலில் சோடாதான் குடித்திருந்தார்.

வாசகி, விழுப்புரம்: பூச்சிமருந்து குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடவே கூடாது. உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர், சாணித்தண்ணீர் எதுவும் வேண்டாம். அரை மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் இறந்தவர்கள் உண்டு. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்து பட்ட உடையைக் கழற்றிவிட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உங்கள் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொண்டு. பாட்டிலை லேபிளோடு எங்களிடம் கொடுங்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தவரிடம் "ஏன் இப்படிப் பண்ணினாய்" என்று ஊரே விசாரிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு போடுங்கள், 14416-ஐ அவரோடு சேர்ந்து நீங்களே அழையுங்கள்.

கல்லூரி மாணவி, ஆத்தூர்: அக்கா, நான் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு. 108-இல் மருத்துவ உதவியாளர் ஆக ஆசை. மலையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்பதும் ஆசை. நர்சிங் படிக்காதவர்களை எடுப்பார்களா? ராத்திரி வேலை, கூட ஒரு ஆண் ஓட்டுநர் மட்டும் என்று அம்மா மறுக்கிறார். என்ன சொல்லிச் சமாளிப்பது?

எடுப்பார்கள் கண்ணு. என்னோடு பயிற்சி முடித்தவர்களில் விலங்கியல் படித்தவர்களும் இருந்தார்கள். எழுத்துத் தேர்வு, உடற்கூறு பற்றிய நேர்முகத் தேர்வு, அப்புறம் கிட்டத்தட்ட 50 நாள் பயிற்சி. வகுப்பு, ஆஸ்பத்திரி, வண்டி மூன்றிலும் நிற்க வைப்பார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் ராத்திரியும் மாறி மாறி வரும்.

அம்மாவைச் சமாளிக்காதே. அவர் கேட்பது நியாயமான கேள்வி, பதில் சொல். நான் சேர்ந்தபோது என் அம்மாவும் இதையே கேட்டார். முதல் வாரமே பைலட் அண்ணனையும் அவர் மனைவியையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். அதன்பிறகு அம்மா என்னைவிட அவருக்குத்தான் அதிகம் போன் செய்வார். வண்டி எங்கே நிற்கிறது என்பது கட்டுப்பாட்டு அறைக்கு எப்போதும் தெரியும். மலையில் ராத்திரி முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே இருக்கும் பெண்கள் முதலில் என் கையைத்தான் பிடிப்பார்கள். பிரசவம் என்றால், பெண் வந்திருக்கிறாள் என்பதே அவர்களுக்குப் பாதி தைரியம். 2020-இல் வீரலட்சுமி என்கிற பெண் 108 ஓட்டுநராகவே சேர்ந்தார். அந்தச் செய்தியை அம்மாவிடம் காட்டு.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். சம்பளம் குறைவு, பொறுப்புக்கு ஏற்ற மாதிரி இல்லை, அதை உரக்கவே சொல்கிறேன். தீபாவளி, பொங்கல் எல்லாம் டியூட்டியில் போகும். பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்தன்று (தீமிதி) நாங்கள் கோயிலுக்கு வெளியே வண்டியில்தான் நிற்போம். ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரி வாசலில், தலையில் அடிபட்ட பெண்ணோடு, படுக்கை இல்லை என்று எங்களை நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். அந்த மாதிரி நாளில் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. பைலட் அண்ணன் வண்டியைக் கழுவும்போது நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கூட நின்றுவிடுவேன். இரண்டு பேரும் பேச மாட்டோம். கழுவி முடிக்கும்போது கொஞ்சம் பரவாயில்லை என்றிருக்கும்.

மலையில் ஆசை என்றாயே, இப்போதிருந்தே பழகிக்கொள்ள வேண்டியவை சில. வளைவு ரோட்டில் பின்பக்கம் உட்கார்ந்து வாந்தி வராமல் வேலை செய்யப் பழக வேண்டும், ஏற்காடு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஏறி இறங்கிப் பார். கையால் நாடி பார்க்கக் கற்றுக்கொள், சைரன் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் உதவாது. ஒரு மணி நேரம் நடக்கக் கால் பழக வேண்டும், வண்டி போகாத இடத்துக்கு ஸ்ட்ரெச்சரோடு நடந்துதான் போவோம். அப்புறம் அந்த மலை மக்கள் பேசுகிற பேச்சில் ஒரு நூறு வார்த்தை.

சேலம் பக்கம் ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தால் அசல் சான்றிதழ்களோடு போ. வேலை கிடைத்தால் நல்ல டார்ச் ஒன்றும், சீக்கிரம் காயும் காலுறை இரண்டு ஜோடியும் வாங்கிக்கொள். செருப்போடு வராதே, ஷூ போட்டுக்கொண்டு வா. காலில் போடுவதற்கு முன்னால் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும்.